அலுமாரி நிறைய பிளாஸ்டர் வாய்கள்: இனி ஸ்கேனருக்கு மாறலாமா?

மூடுபனி

வணக்கம். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள சிறு நகரொன்றில் பல் கிளினிக் நடத்துகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் கண்டியிலிருந்து பல் சீரமைப்பு நிபுணர் வருகிறார். எந்தப் பிள்ளைக்கு எப்படிக் கிளிப் போடுவது என்று திட்டமிடுவது அவர். வாயின் அச்செடுப்பதும் அதில் பிளாஸ்டர் ஊற்றிப் பல் மாதிரி வார்ப்பித்து வைப்பதும் என் பொறுப்பு.

போன வாரத்து மழையில் சுவர் ஊறி, மாதிரிகளை அடுக்கியிருந்த மேல்தட்டு ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. பதினொரு பெட்டிகள். 63ஆம் இலக்கப் பெட்டியில் கீழ் வெட்டும் பற்கள் நான்கும் போய்விட்டன. அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை பாதியில் நிற்கிறது. தொடக்கத்தில் வாய் எப்படி இருந்தது என்பதற்குப் புகைப்படங்களை விட்டால் அதுதான் சாட்சி.

வாய்க்குள் வைத்து எடுக்கும் ஸ்கேனர் வாங்கலாமா என்று விசாரித்தேன். விலையைக் கேட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். திட்டமிடுவதற்கு டிஜிட்டல் மாதிரி உண்மையிலேயே பிளாஸ்டரை விடச் சிறந்ததா, அல்லது நான் அலுமாரியை மட்டும் மாற்றினால் போதுமா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டிக்கரை

மாறிவிடுங்கள் டொக்டர். நான் பிளாஸ்டரைக் கைவிட்டு நான்கு வருடம் ஆகிறது. திரும்பிப் பார்க்கவில்லை.

இது நேற்று வந்த புதுமையும் அல்ல. பல் மாதிரியைக் கணினித் திரையில் சுழற்றிப் பார்க்கும் ஓர்த்தோகேட் மென்பொருள் 1999இலேயே வந்துவிட்டது. பிளாஸ்டரில் வேர்னியர் அளவுகோலால் அளந்த பல் அகலத்தையும் திரையில் அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு. ஒரே ஆள் ஒரே பிளாஸ்டரைக் காலையும் மாலையும் அளந்தாலே அவ்வளவு வேறுபாடு வரும்.

பல் சீரமைப்பு நிபுணர் போல்டனின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் அவர் சொன்னது: கீழ் முன்பற்கள் ஆறின் அகலக் கூட்டுத்தொகை, மேல் ஆறின் கூட்டுத்தொகையில் 77.2 சதவீதமாக இருந்தால் கடி, அதாவது மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதம், சரியாகப் பொருந்தும். பன்னிரண்டு பற்களுக்கு 91.3. சென்ற மாதம் ஒரு பெண் வந்தாள். மேல் பக்க வெட்டும் பற்கள் இரண்டும் குச்சி போலச் சிறுத்தவை. கீழ் ஆறு 36.6 மி.மீ., மேல் ஆறு 42.8. விகிதம் 85.5. மேலே கிட்டத்தட்ட 4.6 மி.மீ. பற்றாக்குறை. கம்பி போட்டு எவ்வளவு இழுத்தாலும் அந்த வாய் பொருந்தாது. சிறுத்த பற்களைக் கட்டிப் பெரிதாக்க இடம் விட்டே திட்டமிட வேண்டும். பன்னிரண்டு பற்களையும் திரையில் குறித்தேன், விகிதம் உடனே வந்தது. வேர்னியரைப் பிடித்துக்கொண்டு கண் வலிக்க உட்கார்ந்த காலம் போயிற்று.

கோப்பை இரவு அனுப்பினால் காலையில் நிபுணர் பார்த்துவிடுகிறார். கினிகத்தேனை வளைவுகளில் மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாரும் பஸ்ஸில் போக வேண்டியதில்லை.

சாந்துக்கை

இருபத்திரண்டு வருடமாகப் பல் ஆய்வுகூடத்தில் பிளாஸ்டர் குழைக்கிறவன் நான். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

டொக்டர், தட்டு விழுந்தது பிளாஸ்டரின் குற்றமா? ஆணியின் குற்றம். ஆனால் நம் ஊரில் பிளாஸ்டர் வேலை கெடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் ஸ்கேனர் வாங்குவது, ஒழுகும் கூரைக்குக் கீழே புதுக் கட்டில் போடுவது மாதிரி.

முதலாவது, பிளாஸ்டர் மாவு. அது ஈரத்தைக் குடிக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும் ஊரில் பையைத் திறந்து வைத்தால், மாவு பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்குகிறது. முதலில் அந்த மாவு வழக்கத்தை விட வேகமாக இறுகும். இன்னும் நாளானால் தாமதமாக இறுகும், நகம் பட்டாலே உதிரும். உங்கள் 63ஆம் பெட்டியில் நான்கு பற்களும் ஒன்றாகப் போயின என்றால் எனக்கு அந்தப் பையின் மேல்தான் சந்தேகம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் வாளியில் போட்டு வையுங்கள். தரையில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, தண்ணீர். நூறு கிராம் ஸ்டோனுக்கு, அதாவது கடின வகைப் பிளாஸ்டருக்கு, 28 முதல் 30 மில்லிலீட்டர், வெள்ளைப் பிளாஸ்டருக்கு 45 முதல் 50. ஒருவரும் அளப்பதில்லை. கிண்ணத்தில் மாவைக் கொட்டி, குழாயைத் திறந்து, "போதும்" என்று தோன்றும்போது மூடுகிறார்கள். தண்ணீர் கூடினால் குழைக்க இலகு, மாதிரி பஞ்சு.

மூன்றாவது, வாயில் அச்செடுக்கக் குழைக்கும் அல்ஜினேட். பைக்கற்றில் போட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 23 பாகைத் தண்ணீருக்கானது. ஜனவரி மாதக் காலையில் நம் குழாய்த் தண்ணீர் வாயில் வைத்தால் பல் கூசும். அதில் குழைத்தால் இறுக நெடுநேரம் எடுக்கும். பிள்ளை அதுவரை தட்டை வாயில் வைத்துக்கொண்டு குமட்டிக்கொண்டிருக்கும், அசையும், அச்சு இழுபடும். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, வெப்பமானி பார்த்துக் கலந்துதான் கொடுப்பேன்.

எடுத்த அச்சை உடனே வார்க்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். வெளியே கிடந்தால் நீர் விட்டுச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். ஈரக் கடதாசியில் சுற்றிப் பையில் மூடினாலும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். கண்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் அச்சை அனுப்பாதீர்கள், வார்த்து முடித்த மாதிரியை அனுப்புங்கள்.

குளிரில் விரல் விறைத்துப்போகும் காலை நேரத்தில், இறுகும் பிளாஸ்டர் உள்ளங்கையில் சூடேறுமே, அந்தச் சுகம் திரையில் வராது. இது மட்டும் அறிவியல் வாதம் அல்ல.

மேல்கணக்கு

நான் வைத்தியத் துறை இல்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. மகளுக்கு 13 வயது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. நல்ல பற்கள் நான்கைப் பிடுங்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மாமியார், "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று இரண்டு வாரமாக அழுகிறார். நானும் நம்பவில்லை, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டி போன்ற அந்த மாதிரியைப் பார்த்தே நான்கு பல் போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியுமா?

மூடுபனி

அக்கா, முதலில் மாமியாருக்கு: பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. பல் பிடுங்கிப் பார்வை போகாது.

மாதிரியை வைத்து என்ன செய்கிறோம் என்பதை வேறொரு பிள்ளையின் கணக்கில் சொல்கிறேன். கீழ்த்தாடை மாதிரியை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் அதன் அகலமான இடத்தில் வேர்னியரால் அளக்கிறோம். நடு வெட்டும் பல் 5.4, பக்க வெட்டும் பல் 6.0, வேட்டைப்பல் 6.9, முன்கடைவாய்ப் பற்கள் 7.1, 7.2. ஒரு பக்கம் 32.6, இரு பக்கமும் அதே அளவு என்றால் 65.2 மி.மீ. இது பற்களுக்குத் தேவையான இடம்.

அடுத்து மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றை ஒரு பக்க முதற் கடைவாய்ப் பல்லின் முன்னோரத்திலிருந்து மறு பக்கம் வரை, பற்கள் ஒழுங்காக நின்றால் எந்த வளைவில் நிற்குமோ அந்த வளைவில் வளைக்கிறோம். பிறகு அதை நிமிர்த்தி அளவுகோலில் வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு 57 மி.மீ. இருக்கும் இடம் 57, தேவை 65.2. பற்றாக்குறை 8.2. பஸ்ஸில் ஐந்து பேர் இருக்கையில் ஆறு பேரை உட்கார வைத்தால் ஒருவர் மடியில் ஏறுவார் அல்லவா, அதுதான் ஏறி நிற்கும் பல்.

இரண்டு முதல் முன்கடைவாய்ப் பற்களை எடுத்தால் 14.2 மி.மீ. கிடைக்கும். மீதியை முன்னோக்கித் துருத்தும் பற்களைப் பின்னே கொண்டுவரவும், கடைவாய்ப் பற்கள் கொஞ்சம் முன்னே நகர்வதற்கும் கணக்கில் வைக்கிறோம். ஆனால் இந்தக் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. முகத்தின் பக்கத் தோற்றம், உதடு, தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரே, ஈறின் நிலை எல்லாம் சேர்ந்துதான். உங்கள் டொக்டரிடம் "பற்றாக்குறை எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

மேல்கணக்கு

நன்றி டொக்டர். இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஒன்று சொல்லட்டுமா? தனியார் கிளினிக் ஒன்றில் மகளின் வாயைத் திரையில் காட்டினார்கள். சோற்றுப் பானை அளவுக்கு ஒரு பல். பயந்துபோனேன். இன்னோர் இடத்தில் பிளாஸ்டரைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் இது என் பிள்ளையின் வாய் என்று தோன்றியது. கோணல் அவ்வளவு மோசமாகவும் தெரியவில்லை.

சாந்துக்கை

அக்கா, வாயில் சர்க்கரை போட வேண்டும் உங்களுக்கு.

கண்டிக்கரை

அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். திரையில் பெரிதாக்கினால் 2 மி.மீ. நெரிசலும் மலைச்சரிவாகத் தெரியும். நான் இப்போது பெற்றோருக்குக் காட்டும்போது உண்மை அளவுக்குச் சுருக்கி வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

ஆனால் சாந்துக்கை அண்ணே, குமட்டும் பிள்ளையைப் பற்றி நீங்களே எழுதினீர்கள். ஸ்கேனரில் அந்தத் தட்டே இல்லை. நடுவில் நிறுத்தலாம், பிள்ளை துப்பலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சரியாக வராத மூலையை மட்டும் மறுபடி எடுக்கலாம்.

சாந்துக்கை

சரி தம்பி, கடிக்கு வருவோம்.

போன வருடம் ஒரு பையன். மேல் பல் துருத்தி நிற்கிறது, பார்த்தாலே தெரிகிறது. கிளினிக்கில் "கடி" என்றிருக்கிறார்கள். பையன் பயத்தில் கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடித்துவிட்டான். ஸ்கேனர் அதையே பிடித்துக்கொண்டது. கோப்பில் பார்த்தால், கடிகளைப் பல் மருத்துவர் ஏங்கல் 1899இல் வகுத்ததில் முதல் வகுப்பு, கடைவாய்ப் பற்கள் அழகாகப் பொருந்துகின்றன. ஒரு குறையும் இல்லை! அதே கோப்பிலிருந்து என்னிடம் மாதிரி அச்சிடச் சொன்னார்கள். கையில் எடுத்து மேலையும் கீழையும் சேர்த்துப் பார்த்தேன். அவர்கள் காட்டிய இடத்தில் வைத்தால் ஆடுகிறது. கொஞ்சம் பின்னே தள்ளினால், தேய்ந்த முனையும் தேய்ந்த குழியும் "டக்" என்று ஒன்றில் ஒன்று உட்காருகின்றன. இரண்டாம் வகுப்பு, முழுதாக: கீழ்ப் பற்கள் பின்னே நிற்கின்றன. அந்தக் கோப்பை நம்பித் திட்டம் போட்டிருந்தால் பற்களைப் பிடுங்கும் தீர்மானமே மாறியிருக்கும்.

கண்டிக்கரை

அண்ணே, அது ஸ்கேனரின் பிழையா? கடியைப் பதிய வைக்கும் மெழுகையும் அதே பையன் அப்படித்தான் கடித்திருப்பான். நீங்கள் அந்த மெழுகை வைத்தே இரண்டு மாதிரிகளின் பின்பக்கத்தையும் சமமாகச் செதுக்கியிருப்பீர்கள். அந்தத் தவறான கடியே பிளாஸ்டரில் நிரந்தரமாகியிருக்கும்.

மென்பொருளில் தொடும் இடங்களை நிறத்தில் காட்டும் வசதி உண்டு. தாடையைத் தள்ளிக் கடித்தால் தொடும் இடங்கள் ஒரு சில முனைகளில் மட்டும் குவிந்து, மீதி எல்லாம் வெறுமையாக நிற்கும். பார்க்கத் தெரிந்தால் பிடிபடும். பார்க்காமல் விட்டால் எதுவும் பிடிபடாது.

சாந்துக்கை

மெழுகுக்கும் அதே கதி என்பது உண்மைதான். அதனால்தான் மெழுகு கடிக்கும் முன் நாக்கின் நுனியை அண்ணத்தின் பின்னே சுருட்டி வைக்கச் சொல்லி இரண்டு மூன்று தடவை மூடித் திறக்க வைப்பேன். இதை ஸ்கேனர் வைத்திருப்பவர்களும் செய்யலாம். ஒரு சதமும் செலவில்லை.

பேராதனைப்படி

பேராதனையில் பல் மருத்துவம் படிக்கிறேன். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 1991இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி விரிவுரையில் சொன்னார்கள்: சிகிச்சைத் திட்டமிட மாதிரிகள் மட்டும் கொடுக்கப்பட்டபோதே 55 சதவீத நோயாளிகளுக்குப் போதிய தகவல் கிடைத்ததாம். எக்ஸ்-ரேயும் புகைப்படமும் பிறகு வந்து முடிவை அவ்வளவாக மாற்றவில்லை. அப்படியானால் மாதிரி எதனால் செய்யப்பட்டது என்பதை விட, மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வியா?

இன்னொன்று: கெஸ்லிங் முறையில் பிளாஸ்டர் பற்களை ஒவ்வொன்றாக அறுத்து, மெழுகில் புது இடத்தில் நட்டுப் பார்க்கும் பயிற்சி செய்தேன். ஒரு பிற்பகல் முழுவதும் போனது. ஒரு வேட்டைப்பல் ரம்பத்தில் மாட்டி இரண்டாகிவிட்டது. கணினியில் இது சில நிமிட வேலை. பிறகு ஏன் பழகச் சொல்கிறார்கள்?

மூடுபனி

தங்கை, கேள்வி கேட்பவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு என் பதில்: கணினியில் பல் எங்கு வேண்டுமானாலும் வழுக்கிக்கொண்டு போகும். எலும்பு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. பிளாஸ்டரிலும் வேர் இல்லைதான். ஆனால் ரம்பத்தால் அறுத்து, மெழுகில் நட்டு, இடம் போதாமல் பக்கத்துப் பல்லைச் சுரண்டும்போது, 1 மி.மீ. என்றால் எவ்வளவு என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு கணினியில் செய்யுங்கள்.

கண்டிக்கரை

சேமிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. டொக்டரின் முதல் கவலை அதுதானே.

ஸ்கேன் கோப்பை எப்போதும் எஸ்.டி.எல். வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பல ஸ்கேனர்கள் தங்கள் சொந்த வடிவில்தான் சேமிக்கும். அந்த நிறுவனத்தின் சந்தா முடிந்தால் உங்கள் பிள்ளைகளின் வாய்கள் பூட்டப்பட்டுவிடும். எஸ்.டி.எல். எந்த மென்பொருளிலும் திறக்கும். ஆனால் அதில் நிறம் இராது. ஈறின் நிறமும் வேண்டுமென்றால் பி.எல்.ஒய். வடிவம்.

ஒரு கணினியில் மட்டும் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில் இடி விழுந்து கணினி கருகியது. இரண்டு வருடக் கோப்புகள். உங்கள் பதினொரு பெட்டிகள் விழுந்தன, மீதி அலுமாரி தப்பியது. அங்கே எல்லாம் ஒரே நொடியில்.

சாந்துக்கை

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனதே, அப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் ஓடாதது மாதிரியைச் செதுக்கும் இயந்திரம் மட்டும்தான். கத்தியும் உப்புத்தாளும் ஓடின. பெட்ரோல் இல்லாமல் நிபுணர் வர முடியாதபோது, மாதிரியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஐந்து பக்கமும் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினோம். அவர் அதை வைத்தே இரண்டு பேருக்குத் திட்டம் சொன்னார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த வருடம் அல்ஜினேட் கிடைக்காமல் நான் பட்ட பாடு! அன்று ஒரு ஸ்கேனர் இருந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

மூடுபனி

எல்லாம் வாசித்தேன். நிபுணரிடமும் பேசினேன். "பிளாஸ்டரோ கோப்போ எனக்கு ஒன்றுதான், கடி மட்டும் பிழையாக வந்தால் திருப்பி அனுப்புவேன்" என்றார்.

என் கிளினிக்குக்கு இப்போதைக்கு வாய்க்குள் எடுக்கும் ஸ்கேனர் வேண்டாம். மாதத்துக்கு ஆறேழு புதுப் பிள்ளைகள்தான். கண்டியில் பிளாஸ்டர் மாதிரியையே மேசை ஸ்கேனரில் வைத்துக் கோப்பாக்கித் தரும் ஓர் ஆய்வுகூடத்தைப் பிடித்திருக்கிறேன். இங்கே வார்க்கிறோம், கடி மெழுகோடு அனுப்புகிறோம், கோப்பு நிபுணருக்குப் போகிறது. சிகிச்சை முடியும் வரை பிளாஸ்டர் என்னிடம் இருக்கும், முடிந்ததும் கோப்பு மட்டும். அலுமாரி பாதியாகிவிடும். குமட்டல் தாங்கவே முடியாத பிள்ளைகளைக் கண்டிக்கரை டொக்டரிடம் ஸ்கேனுக்கு அனுப்பலாமா என்று தனியாகக் கேட்கிறேன்.

63ஆம் பெட்டியின் உடைந்த பற்கள் நான்கையும் தரையில் தேடி எடுத்துவிட்டேன். ஒட்டலாமா, அண்ணே?

சாந்துக்கை

உடைந்த முகம் இரண்டும் நொறுங்காமல் பொருந்தினால், ஒரு துளி உடன்பசை போதும். ஒட்டும் முன் கழுவாதீர்கள். பிளாஸ்டர் தண்ணீரில் கொஞ்சம் கரையும், ஓரம் மழுங்கிவிடும். தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஒட்டியதும் பழைய புகைப்படத்தோடு வைத்துப் பாருங்கள். பெட்டியில் "ஒட்டியது" என்று திகதியோடு எழுதுங்கள். அந்த நான்கு பல்லை இனி யாரும் அளந்து கணக்கெடுக்கக் கூடாது; பார்வைக்கு மட்டும்.

புது மாதிரிகளைச் செதுக்கி உலர்த்தியபின் சவர்க்காரக் கரைசலில் ஊறவைத்து, மென்துணியால் தேய்த்து மினுக்குங்கள். பளபளப்புக்காக மட்டும் சொல்லவில்லை. தூசியும் அழுக்கும் ஒட்டாது.

மேல்கணக்கு

எங்கள் டொக்டரிடம் கேட்டேன். பற்றாக்குறை கீழே 7, மேலே 6 மி.மீ. என்றார். கேட்டதற்கு அவர் கோபப்படவே இல்லை, கம்பியை எடுத்து வளைத்துக் காட்டினார். மாமியாரும் கூட வந்திருந்தார். பிளாஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வீட்டுக்குத் தருவீர்களா?" என்று கேட்டார். சிகிச்சை முடிந்ததும் தருகிறேன் என்றிருக்கிறார் டொக்டர்.

பேராதனைப்படி

சாந்துக்கை அண்ணே, விடுதிப் பேசினில் பிளாஸ்டர் கிண்ணம் கழுவினேன். தண்ணீர் இறங்கவில்லை. வோர்டன் கத்துகிறார்.

சாந்துக்கை

கடவுளே. வெந்நீர் ஊற்றாதே, பிரயோசனம் இல்லை. பேசினுக்குக் கீழே வளைந்த குழாயைக் கழற்றி, உள்ளே இறுகியதைக் கம்பியால் உடைத்து எடுக்க வேண்டும். இனிமேல் கிண்ணத்தில் மிஞ்சியதை வாளித் தண்ணீரில் கழுவி, இரவு முழுவதும் அடியில் படிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்று. றப்பர் கிண்ணம் என்றால் காய விட்டு ஒரு அமுக்கு அமுக்கு, ஓடு மாதிரிக் கழன்று வரும்.